ஒரு முடிச்சு பாக்கி

என் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் ஒரு கிருமி, ஒரு கப்பல், ஒரு போர், அப்புறம் ஏமன் நாட்டில் ராக்கெட் விடுகிற சிலர். இவர்களில் ஒருவர்கூட எனக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர்கள் நிறுத்தியிருந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். சூயஸ் கால்வாயிடம் போய் என்ன கேட்பது?

என் பெயர் அம்சவல்லி. ஜவ்வாது மலையில் நெல்லிமரத்தூர் எங்கள் ஊர். ஜமுனாமரத்தூரில் மகளிர் குழு நடத்தும் சாமை அரைக்கும் மில்லில் எனக்கு வேலை. மாப்பிள்ளை வெற்றிவேல் பக்கத்து ஊர்க்காரர், போளூருக்கும் மலைக்கும் வேன் ஓட்டுகிறார். நிச்சயம் செய்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது, அவருக்கு இடுப்பு இருபத்தெட்டு. அன்று தைத்த கல்யாணச் சட்டையை டெய்லர் இரண்டு முறை பிரித்துவிட்டார். மூன்றாம் முறை கொண்டுபோனதற்கு, இனிமேல் பிரிக்கத் துணி இல்லை, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பது சும்மா பகட்டுக்கு. நாள் குறிப்பது முடிச்சுக் கயிற்றில்தான். கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை முடிச்சை ஆத்தி மரத்து நாரில் போட்டு, ஊர்த் தலைவரான கவுண்டர் பெண் வீட்டில் கொடுப்பார். பெண்ணின் அம்மா தினமும் காலையில் ஒன்றை அவிழ்ப்பாள். வழியில் பார்ப்பவர்கள் "எப்ப கல்யாணம்?" என்று கேட்க மாட்டார்கள். "எத்தினி முடிச்சு பாக்கி?" என்றுதான் கேட்பார்கள். கடைசி முடிச்சைப் பெண்ணின் தாய்மாமன் பந்தலில் நின்று அவிழ்க்க வேண்டும். அவர் அவிழ்த்தால்தான் தாலி. பாதியில் நின்றுபோன கயிற்றைத் தூக்கி எறியக் கூடாது. தாலி ஏறிய பிறகு அதையும் அதே தாய்மாமன்தான் அவிழ்த்துத் தீர்க்க வேண்டும்.

மற்ற பெண்களின் தாய்மாமன்கள் சாமை விதைத்துக்கொண்டும் புளி உலுக்கிக்கொண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் ராஜவேலு மாமா. போளூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட ஆரம்பித்து, சென்னைக்குப் போய், அங்கிருந்து சரக்குக் கப்பலில் சமையல்காரராக ஏறிவிட்டார். ஏழெட்டு மாதம் கடல், மூன்று நான்கு மாதம் மலை. என் அம்மா குப்பம்மாளுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

2020 பங்குனியில் முதல் கயிறு வந்தது. நான்கு முடிச்சு பாக்கி இருக்கும்போது நாட்டையே அடைத்தார்கள். மாமாவைக் கரையில் இறங்க எந்தத் துறைமுகமும் விடவில்லை. எப்படியோ இறங்கி வந்தால், சென்னையில் பதினான்கு நாள், போளூரில் பதினான்கு நாள் தனியாக உட்கார வைத்தார்கள். அவர் மலை ஏறும்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடி முழுக்க ஊரில் இருந்து எல்லாருக்கும் பரோட்டா போட்டுக் கொடுத்தார். ஆவணி பிறந்ததும் கப்பல் கூப்பிட்டது.

அடுத்த பங்குனியில் இரண்டாவது கயிறு. ஏழு பாக்கி இருக்கும்போது ஒரு பெரிய கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்ற கப்பல்களில் ஒன்றில் மாமா சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கவுண்டர் தீர்த்தகிரிக்கு ஒரே கோபம்.

"குறுக்க நின்னா நிக்கட்டுமே. ஒரு ஜேசிபியைக் கொண்டாந்து தள்ளி வுட்டா ஆச்சி. இதுகூடத் தெரியாதவனுங்க இன்னாத்துக்குக் கப்பல் வுடறானுங்க?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் டவர் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று செய்தி பார்த்தால், மலை போலக் கப்பல், அதன் மூக்குக்குக் கீழே பொம்மை மாதிரி ஒரே ஒரு மஞ்சள் இயந்திரம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கவுண்டர் உலக விஷயங்களில் கருத்துச் சொல்வதை யாராலும் தடுக்க முடியவில்லை. கப்பல் நகர்ந்தது. மாமா வந்து சேர்வதற்குள் கொரோனா இரண்டாவது அலை, அது முடிவதற்குள் மறுபடியும் ஆடி.

மூன்றாவது கயிற்றைப் பற்றி எனக்குச் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. 2022 மாசி. ஒன்பது முடிச்சு பாக்கி. மாமாவின் கப்பல் உக்ரைனில் ஒடெசா துறைமுகத்தில் நின்றது. அங்கே குண்டு விழுகிறது என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து பதினோரு நாள் போன் இல்லை. அம்மா அந்தக் கயிற்றைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பாறையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் இடது கையால் தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். வலது கையைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மாமா ருமேனியாவிலிருந்து பேசினார். "அக்கா, இங்க ரொம்பக் குளுரு" என்றார். அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அழுத அழுகைக்கு ஊரே பாறைக்கு ஓடி வந்தது.

அந்தச் சித்திரையில் வெற்றிவேலின் அப்பா தவறிவிட்டார். ஒரு வருடம் கல்யாணப் பேச்சே இல்லை. பிறகு 2024 தையில் நான்காவது கயிறு. ஐந்து பாக்கி இருக்கும்போது, ஏமன்காரர்கள் செங்கடலில் கப்பல்களைச் சுடுகிறார்கள் என்று மாமாவின் கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனது. தை முடிந்தது.

எங்கள் ஊரில் போளூர் ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் இன்றைக்கும் உண்டு. செங்கடலுக்கு வாசலான பாப் எல் மண்டேப் நீரிணை எங்கே என்று கேளுங்கள், கேழ்வரகு களி கிளறிக்கொண்டே கையை நீட்டி வழி சொல்வார்கள். எல்லாம் என் கல்யாணத்தால் வந்த அறிவு.

அந்தப் பங்குனியில் மாமா நேரிலேயே வந்து நின்றார். போர் இல்லை, கிருமி இல்லை, ஆள் கண்முன்னால். கயிறு கேட்டுக் கவுண்டரிடம் போனோம். அவர் ஊரைக் கூட்டினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று தொண்டையைச் செருமினார். "இந்தப் பொண்ணுக்கு இங்க முடிச்சு போட்டா அங்க ஒலகம் சிக்கிக்குது. ஒரு வாட்டின்னா பரவால்ல. நாலு வாட்டி பாத்தாச்சி. எண்ணூறு கோடி சனம் கீதாம் ஒலகத்துல. ஒரு கல்யாணத்துக்காவ அத்தினி பேரையும் தவிக்க வுடறது ஞாயமா, நீங்களே சொல்லுங்க."

ஞாயமில்லைதான் என்று கூட்டம் தலையாட்டியது. அடுத்த ஊருக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க விடாதவர்கள், முகம் தெரியாத எண்ணூறு கோடிப் பேருக்காக ஒரே நிமிடத்தில் மனம் இளகிவிட்டார்கள். மாமா முதலில் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நான் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. மாமா மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார்.

போன வருடம், 2025இல், வைகாசி முடியப்போகிற நேரத்தில் வெற்றிவேலின் அம்மா மணியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கவில்லை.

"எம்புள்ளைக்கு முப்பத்தி மூணு ஆவுது. தல முன்னாடி காலியாயிக்கினு வருது. ஆனிக்குள்ள நடந்தா ஒம்பொண்ணு. இல்லன்னா செங்கத்துல ஒரு எடம் பாத்து வெச்சிகீறேன், ஆவணியில முடிச்சிடுவேன்."

அன்று சாயங்காலம் வேன் நிறுத்தும் இடத்தில் வெற்றிவேலைப் பிடித்துக்கொண்டேன். "செங்கத்துப் பொண்ணு எப்டி கீறா?" என்று கேட்டேன்.

"நான் போட்டோவே பாக்கல அம்சா" என்றார். சொல்லிவிட்டு ஸ்டீரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மாவை எத்தினி நாள்தான் நிறுத்தி வெக்கிறது? நானும் அஞ்சு வருசமா பிரேக்கு மேலியே காலை வெச்சினு கீறேன்." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் இல்லாமல் நான் இருக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

மாமாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. நெதர்லாந்தில் இறங்கி, தோஹா வழியாக விமானத்தில் ஜூன் இருபத்து நான்கு சென்னை. நேராகக் கவுண்டரிடம் போனேன்.

"எனக்குக் கயிறு கட்டிக் குடுங்க."

"கட்ட மாட்டேன்."

"அப்ப எண்ணூறு கோடிப் பேரையும் இங்க வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் மேல பாயாத. அன்னிக்கிக் கூட்டத்துல நான் பேசினது என் பேச்சு இல்ல. ஒங்கம்மா மொத நாளு வந்து என் கால்ல வுயாத கொறையா அழுதா. எம்பொண்ணுக்கு முடிச்சு போட்டா எந்தம்பி சாவான், வோணாம்னு சொல்லிடுங்கன்னா. நான் இன்னா பண்ணட்டும்?"

வீட்டுக்கு வந்தேன். அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து நான்கு கயிறுகளையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பாரு. இந்த மூணாவது கயித்தை நான் கையில வெச்சினு இருந்தப்ப, இதுல கீற ஒவ்வொரு முடிச்சும் அவன் கழுத்துல கீற மாதிரி இருந்திச்சி. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

"ஒன்றர வருசமா எனக்குக் கயிறே கட்டல இல்ல? ஒலகம் இன்னா ஒழுங்காவா கீது? காசாவுல சண்ட நின்னுச்சா? உக்ரைன்ல நின்னுச்சா?"

அம்மா கயிறுகளைச் சுருட்டித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"வேற எந்த ஊர்லியாச்சும் யாராச்சும் கட்டியிருப்பாங்க" என்றாள்.

இதற்கு மேல் ஒருத்தியிடம் என்ன பேச முடியும்? மறுநாள் மில்லில் வேலை முடிந்ததும், மூட்டை தைக்கிற இடத்தில் உட்கார்ந்து நானே ஆத்தி நாரை எடுத்தேன். மாமா வந்து சேர்ந்த மறுநாள் கல்யாணம் என்று கணக்கு. பதின்மூன்று முடிச்சு போட்டேன். ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கவுண்டரையும் மணியம்மாளையும் என் அம்மாவையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே போட்டேன். சாமைச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

காலையில் பாறைக்குப் போனால் கூட்டம். கவுண்டர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஸ்ரேல்காரன் ஈரான்ல குண்டு போட்டுட்டானாம்! நல்லவேளை, நாம யாருக்கும் முடிச்சு போடல!"

நான் பத்தாவது வரை படித்தவள். அறிவியலில் எழுபத்தெட்டு. கயிற்றுக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்துகொண்டேதான் மில்லுக்கு ஓடினேன். மூச்சு வாங்க ஒரு முடிச்சை அவிழ்த்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு நாளுக்கு ஒன்றுதான் என்பது முறை. கடைசியை மாமாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. முறையை மீறினால் இன்னும் எந்த நாடு எந்த நாட்டின் மேல் பாயுமோ என்று பயந்து அப்படியே வைத்துவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு நாட்கள் எப்படிப் போயின என்பது எனக்கும் அந்தச் சாக்குக்கும்தான் தெரியும். காலையில் ஒரு முடிச்சு. சாயங்காலம் ஊர் திரும்பியதும் பாறை. செய்தி நன்றாக இருந்தால் பதமாக அவிழ்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். மோசமாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஈரானும் இஸ்ரேலும் என் நகத்தில் இருந்தன. மில்லில் உடன் வேலை செய்யும் வெள்ளையம்மாள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு முடிச்சு பாக்கி இருந்த அன்று சாயங்காலம் மாமா தோஹா விமான நிலையத்தில் இறங்கியிருந்தார். அவருக்கு விமானத்தில் ஏற மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் ஈரான் கத்தாரிலிருக்கும் அமெரிக்கப் படைத்தளத்தின் மேல் ஏவுகணை விட்டது. வானத்தையே மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலை மில்லுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினேன். நார் விரலில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. ஒரு வழியாகப் பன்னிரண்டாவதை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் அம்மா. தம்பிக்குப் போன் போகவில்லை என்று சொல்ல என்னைத் தேடி நான்கு மைல் நடந்து வந்திருக்கிறாள். கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ.

"நான்தாம்மா கட்டினேன்" என்று அழுதுவிட்டேன். "பன்னெண்டு நாளா நான்தாம்மா போரை நடத்திகினு கீறேன்!"

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்து சாக்கு மேல் உட்கார்ந்தாள். என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். நார் அறுத்துச் சிவந்திருந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஒனக்குமாடி?" என்றாள். "எனுக்குத்தான் படிப்பு கெடையாது. ஒனக்கு இன்னாடி கேடு? நீ இங்க நார் பிரிக்கிறதுக்கா அங்க அவன் குண்டு போடுவான்?"

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுக்கொண்டவள் மாதிரி நிறுத்தினாள். சிரிப்பு அழுகையாக மாறியது. இரண்டு பேரும் சாமைச் சாக்கில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதோம். அப்போது வெள்ளையம்மாள் மில் போனும் கையுமாக ஓடி வந்தாள். மாமா பேசினார்.

"அக்கா, நல்லா கீறேன். சண்டைய நிறுத்திட்டானுங்களாம். இங்க ஒரே கும்பலு. டிக்கெட்டு மாத்திக் குடுப்பாங்க, எப்பன்னு தெரியல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் கொடுத்தாள். "எத்தினி முடிச்சு பாக்கி?" என்று கேட்டாள்.

"ஒண்ணும்மா."

"அப்ப நாளைக்குக் கல்யாணம். கெளம்பு."

கவுண்டர் கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். நான் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். "நல்லதாப் போச்சி. நான் கட்டல. ஒலகத்துக்கு நான் பொறுப்பு இல்ல. கட்டினது யாருன்னா இன்னா, அவுக்கறது தாய்மாமனா இருந்தா போதும்" என்றார். ஊர் பந்தலுக்கு மூங்கில் வெட்டப் போனது.

மணியம்மாள் நாள்காட்டியோடு வந்தார். "நாளைக்கு அமாவாச! எந்தப் புத்திசாலி நாள் குறிச்சது?"

பதின்மூன்று முடிச்சு போட்டவளுக்கு நாள்காட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை. அம்மாதான் சமாளித்தாள். "எந்தம்பி வந்து அவுக்கற வரிக்கும் ஒரு முடிச்சு பாக்கி. ஒரு முடிச்சு கீற வரிக்கும் நாளைக்குத்தான் கல்யாணம். அமாவாச அதுபாட்டுக்குப் போவட்டும்." இத்தனை வருடத்தில் முதல் தடவையாக உலகம் எனக்கு ஓர் உதவி செய்தது. தோஹாவில் வானத்தை மூடியிருக்காவிட்டால் அமாவாசையில் பந்தலைப் போட்டுவிட்டு மணியம்மாளிடம் மாட்டியிருப்பேன்.

அப்படியாக எங்கள் ஊரில் இரண்டு நாட்கள் 'நாளைக்குக் கல்யாணம்' நடந்தது. நாளைக்கு என்று வந்த உறவுக்காரர்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மறுபடியும் நாளைக்கு என்று கேட்டுச் சாப்பிட்டார்கள். வாழை மரம் கட்டியதை ஆடு தின்று, திரும்பக் கட்டினார்கள்.

அமாவாசைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வெற்றிவேலின் வேன் மேலே வந்தது. மாப்பிள்ளையே போளூருக்குப் போய் மாமாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மாமா மூன்று நாள் தாடியோடு, கழுத்தில் விமான நிலையத் தலையணையோடு இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அம்மா கயிற்றை நீட்டினாள். பந்தலில் நின்று ஒரே இழுப்பில் அவிழ்த்தார். வெற்றிவேல் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமலே தாலி கட்டினார். போட்டிருந்தால் மூச்சு நின்றிருக்கும்.

கவுண்டர் அவசரமாகப் பாறைக்குப் போய்ச் செய்தி பார்த்துவிட்டு வந்தார். "புதுசா ஒண்ணும் இல்ல. பழசுதான் எல்லாம்" என்றார். ஊர் நிம்மதியாகப் பந்திக்கு உட்கார்ந்தது.

நான் சாப்பிட்டுவிட்டு அம்மாவைத் தேடினேன். வீட்டுக்குள் அம்மாவும் மாமாவும் டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மூன்று கயிறுகளும் அவிழ்ந்து கிடந்தன. மூன்றாவது கயிறு மட்டும் மாமா கையில். பதினோரு நாள் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்ததில் வியர்வை பட்டுக் காய்ந்து, ஒன்பது முடிச்சும் கல்லாகியிருந்தன. நகத்தால் முடியாமல் மாமா பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"கத்தியால அறுத்துடலாம் மாமா" என்றேன்.

"சும்மா இரு" என்றார் மாமா.

அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அம்மா ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு எண்ணினாள். ஒன்பது என்று சொன்ன பிறகுதான் எழுந்து, தம்பிக்குச் சோறு போடப் போனாள்.